மூன்றாம் மாடிக் கைப்பிடி

"தாண்டாதீர்கள்" என்று அட்டை தொங்கிய கயிற்றை அக்கா அட்டையைப் படித்துவிட்டுத்தான் தாண்டினாள்.

"அக்கா, எழுதிப் போட்டிருக்கு," என்றான் சொட்டை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வச்சுக்க. நீ வா."

சொட்டை வந்தான். முப்பது வயதிலேயே தலை முடி விடைபெற்றுப் போனதால் அவனுக்கு அந்தப் பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் கேட்டு வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தே பெயர் வாங்கி, பிறகு தனியாகத் துப்பறிய வந்தவள் அவள். ஊருக்கு அவள் 'பூதக்கண்ணாடி'. சம்பளம் வாங்கும் ஒரே காரணத்தால் சொட்டைக்கு மட்டும் அக்கா.

மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கும் படிக்கட்டு அது. ஒரு பக்கம் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். இன்னொரு பக்கம் கைப்பிடி இருக்க வேண்டும். இல்லை. எட்டிப் பார்த்தால் கிணறு மாதிரி இறங்கி, அடித்தளத்து சிமென்ட் தரையில் கொட்டிய மணல் தெரிந்தது. மணலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று சொட்டை யோசிக்கவில்லை. காலைச் சாப்பாடு இன்னும் வயிற்றில் இருந்தது.

போன வாரம் இந்த இடத்தில்தான் இஸ்திரிக்காரர் விழுந்தார். தேய்த்த துணி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியவர் பாரம் தாங்காமல் கைப்பிடியில் சாய்ந்திருக்கிறார். அவரும் கைப்பிடியும் துணி மூட்டையும் ஒன்றாகவே கீழே போயிருக்கிறார்கள். துணிதான் கசங்காமல் இருந்ததாம்.

"சுவத்துல சாயாத!" என்றாள் அக்கா.

"இந்தப் பக்கம் சாஞ்சா சாவு, அந்தப் பக்கம் சாஞ்சா திட்டா? நான் என்ன அந்தரத்துலயா நிக்கிறது?"

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். கைப்பிடியின் நடுக்கால்கள் நின்ற இடத்தில் போல்ட்டுகள் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு ஓரத்திலும் துருப்பிடித்த வெல்டிங் பிய்ந்து தொங்கியது.

"நடுக்காலுக்கு நட்டு இல்ல. ஓரம் துரு. ஆள் சாஞ்சதும் மொத்தமா பிச்சுக்கிச்சு. போல்ட்டைச் சுத்தி ஒரு கீறல் கூட இல்ல பார். துணியச் சுத்திப் பதமா கழட்டியிருக்காங்க."

"ரொம்ப மரியாதையான கொலைகாரன்."

"கழட்டின நட்டு எங்க? போலீஸ் கீழ சல்லடை போட்டுச் சலிச்சிருக்கு. ஒண்ணு கூட இல்ல. கொல்லணும்னு வந்தவன் நட்டை வீசிட்டுப் போவான். இவன் பத்திரமா எடுத்துட்டுப் போயிருக்கான். எதுக்கு?"

"பழைய இரும்புக்குப் போட்டா ஒரு டீக்கு ஆகும்."

மேலே மூன்றாம் மாடி வாசலில் இஸ்திரிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். இவர்களை வரவழைத்தவள் அவள்தான். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. அவள் பின்னால் இரண்டு பெண் பிள்ளைகளின் தலை தெரிந்து மறைந்தது.

"மேனேஜர்தான் பண்ணியிருக்கான் மேடம்," என்றாள். "எங்களைத் துரத்தணும்னு பண்ணியிருக்கான். அதை நீங்க நிரூபிச்சுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"வேற யாரும் பண்ணியிருக்க மாட்டாங்களா?"

"வேற யாருக்கு என்ன லாபம்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அக்கா முதல் மாடிக்கு இறங்கினாள்.

*

முதல் மாடியில் குடியிருப்போர் சங்கத் தலைவர் இருந்தார். முன்னாள் பஸ் டிரைவர். இன்னும் எல்லாரையும் பயணிகள் மாதிரியே நடத்துகிறவர். உள்ளே வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே கூரையைக் காட்டினார்.

"பாருங்கம்மா. அரசாங்கம் பணம் போட்டுக் கட்டின வீடு. நடத்துறது கம்பெனி. ஒழுகுது பாருங்க. இதுக்கு வாடகை ஏத்தணுமாம்."

கூரையில் பழுப்பாக ஒரு பெரிய கறை. சொட்டைக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவனுடைய வீட்டுக்காரரும் இப்படித்தான், ஒழுகுகிற வீட்டுக்குத் தண்ணீர் வசதி உண்டு என்று சொல்லி வாடகை கூட்டியவர்.

அக்கா கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறையைச் சுற்றி ஒரு கோடு அசைந்தது.

"தலைவரே, மழைத்தண்ணிக்கு எறும்பு வருமா?"

"என்னம்மா?"

"அடிச்சது டீ. சரி, அதுல சர்க்கரையும் போட்டா அடிக்கிறது?"

 தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்ல கண்ணும்மா உனக்கு! அது என் மிச்ச டீ. கொட்ட மனசு வரல, அடிச்சுவிட்டேன்."

பிறகு அவரே சொன்னார், ஏதோ சாதனையைச் சொல்வது போல. வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வு அதிகாரி வருவார். கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று அவர் எழுதினால்தான் கம்பெனி வாடகையை ஏற்ற முடியும். அதனால் ஆய்வுக்கு முதல் நாள் ஊரெல்லாம் வீட்டைக் கழுவிக் கோலாகலப்படுத்தினால், இவர்கள் வீட்டைக் கெடுப்பார்கள். ஒரு வீடு கூரையில் கறை வைக்கும். ஒரு வீடு குழாயை ஒழுகவிடும். இங்கேயே குடியிருக்கும் நர்ஸம்மா லிஃப்ட்டை நிறுத்துவாள். அதிகாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போன மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"யாருக்கு என்ன வேலைன்னு அந்த வீட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஒருத்தன் மாட்டினா இன்னொருத்தனைக் காட்டிக்குடுக்க முடியாது பாருங்க."

"கைப்பிடி யார் வீட்டு வேலை?"

சிரிப்பு நின்றது. "அது எங்க வேலையே இல்ல. உசுருக்கு ஆபத்தான எதையும் நாங்க தொட மாட்டோம். அது மேனேஜர் வேலை."

"இஸ்திரிக்காரருக்கு என்ன வேலை குடுத்தீங்க?"

"அந்தாளுக்கா?" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவனைப் பத்திப் பேசக்கூடாது. ஆனா நாங்க பண்றதெல்லாம் கொஞ்ச நாளா மேனேஜர் காதுக்குப் போகுது. மேனேஜர் சட்டையத் தேய்ச்சுக் குடுக்கிறது யாரு? நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க. பில்டிங்குல ஒருத்தரும் அந்தாள்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசி ஆறு மாசம் ஆச்சு. சாவுக்கும் நாலு பேர்தான் போனோம், தூக்கணுமேன்னு."

சொட்டைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயில் வந்தது எல்லாம் கெட்ட வார்த்தையாக இருந்ததால் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

மேனேஜர் தன் அறையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஊதா மை ஊறிய பஞ்சில் ஒரு அழுத்து, காகிதத்தில் ஒரு குத்து. குத்தக் குத்த ஒவ்வொரு வீட்டுக்கும் புது வாடகை உறுதியாகிக்கொண்டிருந்தது. விரல் பத்தும் ஊதா.

"உக்காருங்க. ஒரு உசுரு போயிருக்கு, நானே தூங்கி நாளாச்சு," என்றார், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு. "அதுக்குத்தான் கைப்பிடி, லிஃப்ட்டு எல்லாம் புதுசு போடுறோம். அதிகாரியும் எழுதிட்டார். பாதுகாப்பு வேலை. பாதுகாப்பு வேலை செஞ்சா வாடகைய ஏத்தலாம்னு சட்டமே சொல்லுது."

"விழுந்து செத்ததுக்கு வாடகையா?" என்றான் சொட்டை.

"இனிமே விழாம இருக்கிறதுக்கு, தம்பி."

"கைப்பிடி விழுந்தது உங்க தப்புன்னு நிரூபணம் ஆனா?" என்றாள் அக்கா.

"செலவு கம்பெனி தலையில. வாடகை ஏறாது. என் வேலையும் போகும். நிரூபிங்க, பார்ப்போம்." அவர் சிரித்தார். "அந்தாள் போனதுல எனக்கும்தான் நஷ்டம். காலர்ல ஒரு மடிப்பு விழாது, அப்படித் தேய்ப்பான். பொண்டாட்டி அந்த வீட்டுக்குப் புது வாடகை எங்க குடுக்கப் போறா? பாவம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிட்டா மரியாதையா இருக்கும்."

எழுந்திருக்கும்போது மேஜையை இரண்டு கையாலும் பிடித்து முனகினார்.

"மூட்டு. எதையாவது பிடிச்சாத்தான் நடை. குனிஞ்சு செருப்பு மாட்டக்கூட ஆள் வேணும்."

"ஆய்வு நடந்த அன்னிக்குக் காலைல மேல போனீங்களா?"

"போனேனே. அவன் விழுறதுக்கு முன்னாடி. லிஃப்ட்டைத்தான் கெடுத்து வச்சிருந்தாங்களே, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். முதல் நாள்தான் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். காஞ்சிருக்கான்னு பார்க்கப் போனேன்."

"கைப்பிடி ஆடலையா?"

"கல்லு மாதிரி இருந்துச்சும்மா. நானே அதைப் பிடிச்சுத்தான் மேல வரைக்கும் ஏறினேன்."

அக்கா நன்றி சொன்னாள். அவள் நன்றி சொன்னால் யாருக்கோ கெட்ட நேரம் என்று சொட்டைக்குத் தெரியும்.

*

தரைத்தளத்திலிருந்து ஏறும்போது அக்கா கைப்பிடியைக் காட்டினாள். கை பட்ட இடத்திலெல்லாம் ஊதாத் தடம். முதல் மாடி வரை, பிறகு இரண்டாம் மாடி வரை, கம்பியைப் பற்றிப் பற்றிப் போன விரல்கள்.

இரண்டாம் மாடி தாண்டியதும் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சுவரில், இடுப்பு உயரத்தில் ஊதா உள்ளங்கை. ஒன்று, அதற்கு மேல் படியில் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. மூன்றாம் மாடி வந்ததும் சுவர் சுத்தமாகிவிட்டது. கை மறுபடி கைப்பிடிக்கு மாறியிருந்தது.

சொட்டை தன் தலையைத் தடவினான். "மொட்டைத் தலையில எழுதின மாதிரி இருக்கு! இந்த ஒரு படிக்கட்டுல மட்டும் சுவத்தைப் பிடிச்சிருக்கான்."

"முதல் நாள் சுண்ணாம்பு. விழுந்த உடனே கயிறு கட்டிட்டாங்க. அந்த ஒரு காலைல வச்ச கைதான் இது. மூட்டுவலிக்காரன், ஒரு பக்கம் கம்பி இருக்கையில சுவத்தைத் தடவிட்டு ஏறுவானா?"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அவன்தான் கழட்டினான்! கேஸ் முடிஞ்சுது அக்கா, வாங்க சாப்பிடப் போகலாம்."

"குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாதவன், தரையோட தரையா குந்தி நட்டுக் கழட்டினானா?"

சொட்டையின் பசி அப்படியே நின்றது.

"அப்ப... யாரோ அவன்கிட்ட சொல்லியிருக்காங்க."

"இந்தக் கட்டடத்துல காட்டிக்குடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான். கைப்பிடி ஆடும்னு அவனுக்குத் தெரியும், அவன் சொல்லி மேனேஜருக்குத் தெரியும். இஸ்திரிக்காரர்தான் அவன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவர் என்ன பண்ணார்?"

"சாஞ்சார்."

"ஆடும்னு தெரிஞ்சவன் மூட்டையோட போய்ச் சாய்வானா? ஆறு மாசமா அந்த மனுஷனால நிரூபிக்க முடியல. விழுந்து நிரூபிச்சுட்டார், தான் சொல்லலன்னு."

சொட்டை கீழே மணலைப் பார்த்தான். இப்படி ஒரு நற்சான்றிதழ் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அக்கா அவன் சட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். பட்டன் தெறித்தது.

"அய்யோ! இருக்கிறதே ரெண்டு சட்டை!"

"வா. பட்டன் தைக்கிறவங்க வீடு மேலதான் இருக்கு."

*

இஸ்திரிக்காரர் மனைவி மறுப்பு சொல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள். வீடு ஒரே அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப் பெட்டி மூலையில் குப்புறக் கிடந்தது.

"பட்டன் டப்பா எது?" என்று கேட்டபடியே அக்கா அலமாரியிலிருந்த தகர டப்பாவை எடுத்தாள்.

"அது வேணாம் மேடம், அதுல—"

அக்கா மூடியைத் திறந்துவிட்டாள். வெள்ளை பட்டன், கறுப்பு பட்டன், நடுவில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்ததும் நட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன.

அவள் தைப்பதை விட்டாள். ஊசி சொட்டையின் சட்டையில் தொங்கி ஆடியது.

"திரும்ப மாட்டணுமே, அதுக்காகப் பத்திரமா வச்சிருந்தீங்க. உங்க வீட்டுக்கு என்ன வேலைன்னு கேட்டதுக்கு மட்டும்தான் தலைவர் பதில் சொல்லல," என்றாள் அக்கா.

"ஆடினாப் போதும்னு சொன்னாங்க," என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை, எல்லாம் முன்பே அழுது முடித்த குரல். "அதிகாரி பிடிச்சுப் பார்க்கும்போது ஆடணும், அவ்வளவுதான். அவர் போனதும் மாட்டிடலாம்னு இருந்தேன். ஓரமெல்லாம் துருன்னு எனக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட்டை வேற நிறுத்துவாங்கன்னு யார் சொன்னா? லிஃப்ட்டு இருந்தா அவர் படியில இறங்கவே மாட்டார். பழி மேனேஜர் மேல விழுந்தா வாடகை ஏறாது, வீடாவது மிஞ்சும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. சட்டை குடுக்கப் போற இடத்துல உளறிடுவார்னு."

"யார் சொன்னா?"

பதில் வாசலிலிருந்து வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தலைவர் உள்ளே வந்தார்.

"நான்தாம்மா சொன்னேன். அந்தம்மாவை எதுக்குக் கொடையிறீங்க?"

அக்கா திரும்பவே இல்லை. டப்பாவிலிருந்த நட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். "கைப்பிடி வேலை ரெண்டு பேருக்குத் தெரியும். செஞ்சவங்களுக்கும், குடுத்தவருக்கும். மூணாவதா மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு. புருஷன்கிட்டயே சொல்லாதவங்க மேனேஜர்கிட்டயா போய்ச் சொல்லியிருப்பாங்க?"

இஸ்திரிக்காரர் மனைவி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே?"

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுப்பார் என்று சொட்டை காத்திருந்தான். அவர் மறுக்கக்கூட மெனக்கெடவில்லை.

"என் பென்ஷன் என் மருந்துக்கே பத்தாது. மேனேஜர் கேட்டான், சொன்னேன். என் வீட்டுக்கு மட்டும் வாடகை ஏறாது. ஆள் சாவான்னு எவன் கண்டான்? அதிகாரி முன்னாடி கையும் களவுமா பிடிச்சு, ஒரு வீட்டைக் காலி பண்ண வச்சு, மத்தவங்களைப் பயமுறுத்தணும். அவன் போட்ட திட்டம் அவ்வளவுதான்."

"பிடிக்கிறதுக்கு என் வீட்டையா குடுத்தீங்க?"

"யார் வீட்டையாவது குடுத்துத்தான் ஆகணும். உங்ககிட்டதான் யாரும் பேசறதில்ல, கேட்க நாதியில்ல."

"அவர்கிட்ட யாரும் பேசாமப் போனதே நீங்க சொன்ன சொல்லால!"

"ஆமா," என்றார் தலைவர். "சத்தம் போடாத. பிள்ளைங்க படிக்குதுங்க."

சொட்டை முன்னால் நகர்ந்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள், இந்தத் தடவை பட்டனுக்காக இல்லை.

"சுவத்துல மேனேஜர் கை இருக்கு," என்றாள் அக்கா அந்தப் பெண்ணிடம். "ஆனா அது வெறும் மை. கைப்பிடி ஆடும்னு அவனுக்குத் தெரியும்னு ஆகணும்னா, நட்டைக் கழட்டினது நான், கழட்டச் சொன்னது இவர்னு நீங்க வாயத் திறக்கணும். திறந்தா மேனேஜர் மாட்டுவான். இவரும் மாட்டுவார். ஒரு வீட்டுக்கும் வாடகை ஏறாது. உங்க வீட்டுக்காரர் பேரும் சுத்தமாகும்."

"எனக்கு?"

"உங்களுக்கு வீடு போகும். ஜெயிலும் இருக்கலாம்."

தலைவர் இருமினார். "நான் வந்ததே இன்னொண்ணு சொல்லத்தான். மேனேஜர் வாக்குக் குடுத்திருக்கான். நீ கம்முனு இருந்தா உனக்கும் பழைய வாடகைதான். எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. காட்டிக்குடுத்தது உன் புருஷன்னு இங்க எல்லாரும் நெனைக்கிறாங்க. நெனைச்சிட்டுப் போகட்டும். அவருக்கு என்ன, வலிக்கவா போகுது?"

"அக்கா, இதைக் கேட்டுக்கிட்டு சும்மாவா நிப்பீங்க?" என்றான் சொட்டை.

"சாட்சி அவங்க ஒருத்தர்தான்டா. கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. மீதி அவங்க கையில."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவள் வாய்விட்டுப் பாடம் படிப்பது கேட்டது. இஸ்திரிக்காரர் மனைவி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொட்டையின் சட்டையில் தொங்கிய ஊசியை எடுத்து, பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நட்டுகளைத் துணியில் முடிந்தாள். முடிச்சைத் தலைவர் மடியில் வைத்தாள்.

"செத்தவருக்கு நல்ல பேரு எதுக்கு?" என்றாள். "தலைக்கு மேல கூரை உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் வேணும்."

தலைவர் முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஆள் சேர்ந்திருந்தது. துப்பறிகிறவர்கள் வந்த செய்தி மாடி மாடியாக ஏறியிருக்க வேண்டும். முன்னால் நர்ஸம்மா நின்றாள், பின்னால் படி வரைக்கும் தலைகள். அறையில் பேசியது எதுவும் அவர்கள் காதில் விழுந்த மாதிரி இல்லை.

"என்னாச்சு, யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள் நர்ஸம்மா.

அக்கா ஒதுங்கி வழி விட்டாள். இஸ்திரிக்காரர் மனைவி வாசலுக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"விசாரிச்சாச்சு. நம்ம விஷயத்தை எல்லாம் மேனேஜர்கிட்ட சொன்னது என் வீட்டுக்காரர்தான். துரு ஏறின கம்பி, தானா விழுந்துடுச்சு. வேற யாரும் காரணம் இல்ல."

 கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பவே சொன்னோம்ல," என்றது. யாரோ படியில் காறித் துப்பினார்கள். நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ, குடும்பத்தோட," என்று சொல்லித் திரும்பினாள். ஒவ்வொருவராக, சுவர் ஓரமாகவே இறங்கிப் போனார்கள். தலைவர் அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டே போனார்.

தடுப்புத் துணி விலகியது. பெரியவள் கையில் புத்தகத்தோடு நின்றாள்.

"அப்பாவாம்மா சொன்னாரு?"

"ஆமாண்டி," என்றாள் அம்மா. "உள்ள போய்ப் படி."